வெள்ளிக்கிழமையில் நெத்தலி

வவுனியா நகரத்துக்கு வெளியே புதிதாகத் திறந்த மலேசியச் சாப்பாட்டுக்கடையில்தான் மாப்பிள்ளையின் தாயை முதன்முதலாகச் சந்தித்தோம். சம்மதம் சொல்லுமுன் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அவர் சொன்னதால், மகள் அந்த இடத்தைப் பிடித்தாள். இந்தக் கலியாணப் பேச்சு என்னால் குழம்பிவிடுமோ என்ற பயத்தில் முதல்நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் கை கழுவப் போன நேரத்தில், "நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்று அவர் சாப்பாட்டு அட்டையை என்னிடம் நீட்டினார். முழுக்க இங்கிலிஷ். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அவர் மீன், மச்சம் தொடமாட்டார் என்று மகள் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். வாழையிலையில் பொதிந்த சோற்றின் படம் ஒன்று கோயில் அன்னதானம் போலத் தெரிந்தது. அதில் விரலை வைத்து நான்கு என்றேன்.

இருவரும் திரும்பி வந்தபின் இலையைப் பிரித்தால் சோற்றின்மேல் பொரித்த நெத்தலி மீன்.

"அம்மா, என்ன செய்துவைச்சிருக்கிறியள்?" என்று மகள் காதுக்குள் சீறினாள்.

"தெரியாமல் போச்சுது, குறை நினைக்காதேங்கோ" என்றேன்.

மாப்பிள்ளையின் தாய் தன் இலையை மகன் பக்கம் தள்ளினார். "இவருக்கு ரெண்டு பங்கு. விடிய என்ர புட்டு சரியில்லையெண்டு சாப்பிடாமல் எழும்பினவர், இப்ப தின்னட்டும்." பிறகு தனக்கு ரொட்டியும் பருப்பும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள் சம்பந்தி? சாப்பிடுங்கோ."

சம்பந்தி என்றுதான் சொன்னாரா? திருப்பிக் கேட்கப் பயமாக இருந்தது. மகளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து, சிரிப்பை அடக்கியபடி நெத்தலியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.