வேப்பமர உயரத்தில் பேயாண்டி

உட்காருவதற்கு முன் பேயாண்டி நாற்காலியின் பிடியை இழுத்து, அது இறங்கும் மட்டும் இறக்கிவிடுவார். மானிட்டரை அண்ணாந்து பார்க்கிற தோதுக்கு வந்த பிறகுதான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவார். செம்புக் கம்பியும் வார்னிஷும் மணக்கிற கையை வேட்டியில் ஒரு தரம் துடைத்துக்கொள்வார். அதற்குள் திரையில் போர் விமானம் ஓடுபாதையில் உறுமிக்கொண்டு நிற்கும்.

சிம்மக்கல்லில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது ஹரிஷ்குமாரின் பிரவுசிங் சென்டர். அடுத்த சந்தில் பேயாண்டி மோட்டார் காயில் கட்டும் கடை. பேரையூர்ப் பக்கத்து விவசாயிகள் கருகிப்போன பம்ப்செட் மோட்டார்களை அவரிடம்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். 2003-இல் சென்டரின் ஸ்டெபிலைசரைச் சரிபார்க்க வந்தவரை, "சும்மா ஓட்டிப் பாருங்கண்ணே" என்று விமானச் சண்டை விளையாட்டின் முன் உட்காரவைத்தது ஹரிஷ்தான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் கால்கள் தானாக இங்கே வந்துவிடும்.

பறக்கிறார் என்று சொல்லலாமே தவிர, உயரே போகிறார் என்று சொல்ல முடியாது. விமானம் தரையை விட்டு எழும்பினால் போதும், அதற்கு மேல் ஏற்றமாட்டார். வேப்பமரம் எவ்வளவு உயரம் இருக்குமோ, அவ்வளவுதான் அவருடைய வானம். அவருக்கு உயரம் என்றால் ஆகாது. டவுன்பஸ் வைகைப் பாலத்தில் ஏறினால் ஜன்னலோர இடத்தைப் பக்கத்து ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். வீட்டு மொட்டைமாடியில் வற்றல் காயவைப்பதும் எடுப்பதும் மனைவி அன்னக்கொடிதான்.

"கம்ப்யூட்டருதான்னு மூளைக்குத் தெரியுது மாப்ள. வயித்துக்குத் தெரியலையே" என்பார் ஹரிஷிடம்.

சென்டரில் அவருக்குத் 'தரைப்படை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தது அவருடைய ஆட்டமும். கரண்டுக் கம்பியில் மாட்டினார். மரத்தில் மோதினார். ஒரு தடவை குண்டைப் போட்டுவிட்டு நேராகவே போய், தன் குண்டு வெடித்த வெடிப்பில் தானே சிதறினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது அவரும் கூடச் சிரித்தார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

தாழப் பறக்கிறவனுக்கென்று தனிக் கணக்கு உண்டென்பது மெல்ல மெல்லப் பிடிபட்டது. ரேடாருக்கு அவரைத் தெரிவதில்லை. விமான எதிர்ப்புத் துப்பாக்கி இவர் பக்கம் திரும்புவதற்குள் இவர் அடுத்த ஊரில் இருப்பார். ஹரிஷ் இணையத்தில் தேடி எடுத்த ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் வாசித்துச் சொல்ல, இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். குண்டு விழுந்தவுடன் வெடிக்காமல் சற்றுத் தாமதித்து வெடிக்கும்படி வைத்துக்கொள்ளப் பழகியது அப்படித்தான். போட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து விலகப் பழகினார். இலக்கு விமானத்துக்கு நேர் கீழே வருமுன்பே குண்டை விட்டுவிடுவார். கண்மாய்த் தண்ணீரில் சாய்த்து எறிந்த சில்லுபோல அது தரையில் தத்தித் தத்திப் போய்ப் பாலத்தின் காலில் முட்டும்.

"குண்டைக் கீழ போடக்கூடாது மாப்ள, முன்னால அனுப்பி விடணும். நம்ம வேகம் அதுக்கும் இருக்குல்ல, கூடவே ஓடி வரும்" என்று விளக்குவார்.

ஆனாலும் போட்டி என்று வந்தால் அவரைச் சேர்க்கமாட்டார்கள். பசுமலையில் புதிதாக ஏசி போட்டுத் திறந்திருந்த சென்டர்காரர்கள் சிம்மக்கல்லை இரண்டு தடவை தோற்கடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஹரிஷின் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பசுமலைக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவது போட்டிக்கு நாள் குறித்தபோது நாலாவது ஆளுக்குக் காய்ச்சல். ஹரிஷ் காயில் கடைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, நீங்கதான் வரணும். இந்தவாட்டியும் தோத்தா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"வாரேன். ஆனா மேல ஏத்தச் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். பசுமலை சென்டர் இரண்டாவது மாடியில் இருந்தது. பேயாண்டி சுவரைத் தடவிக்கொண்டே படியேறி, உள்ளே போனதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இரு அணிக்கும் ஒரே வேலை. ஒரு மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தை ஒட்டியே எதிரியின் வெடிமருந்துக் கிடங்கு. அதை அழித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி இறங்க வேண்டும். பசுமலைக்காரர்கள் உயரத்தில் போனார்கள். மூன்று பேரை ஏவுகணை விழுங்கியது. நாலாவது ஆள் கிடங்கின் ஒரு மூலையை மட்டும் இடித்துவிட்டுத் திரும்பினான். அதற்கே கைதட்டல் அறையை அதிரவைத்தது.

சிம்மக்கல் அணியில் முதலில் போன இருவரும் விழுந்தார்கள். மூன்றாவதாகப் போன ஹரிஷ் மலையைத் தாண்டும்போதே எரிந்தான். அவன் எழுந்து பேயாண்டிக்கு இடம்விட்டான். பேயாண்டி நாற்காலியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆற்றுப் படுகைக்குள்ளேயே ஊர்ந்து போனார். ஒரு ரேடாரும் அவரைக் காணவில்லை. மலை முன்னால் வந்தது. அப்போதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் குண்டை விட்டால் மலைதான் வாங்கும். தாண்டிய பிறகு விட்டால் கிடங்கைக் கடந்து எங்கோ போய் விழும். பள்ளத்தாக்கின் வாய் வழியாகப் போகலாமென்றால் அங்கே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டு நின்றன. விமானத்தை வளைத்து ஆற்றுக்கே திருப்பினார்.

"தரைப்படை பின்வாங்குதுடோய்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹரிஷ் குனிந்து காதருகே சொன்னான். "அண்ணே, அன்னைக்கு வாசிச்சேன்ல, அந்தக் குதிப்பு. மலைக்கு இந்தப் பக்கமிருந்தே விருட்டுன்னு மேல ஏறி, தலகீழா உருண்டு, கிடங்கைப் பார்த்து, அப்படியே குத்தி இறங்கணும். வேற வழி கிடையாது."

"எம்புட்டு ஒசரம்?"

ஹரிஷ் திரையில் மலையுச்சிக்கும் மேலே விரலை வைத்துக் காட்டினான். அந்த ஏசிக் குளிரிலும் பேயாண்டியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்னக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் கையை வைத்தாள்.

"கண்ண மட்டும் மூடிறாதீங்க. நான் இங்கனதான் நிக்கிறேன்."

மறுபடி மலையை நோக்கித் திரும்பினார். பாறைகள் திரையை அடைத்துக்கொண்டு வந்தன. பல்லைக் கடித்து ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்தார். விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. மரங்கள் புல்லாயின, ஆறு கம்பியாயிற்று. ஏவுகணை எச்சரிக்கை வீறிட்டது. விமானத்தைப் புரட்டினார். பூமி மொத்தமும் தலைக்கு மேலே வந்து தொங்கியது. கண்ணை மூடவில்லை. அந்தத் தலைகீழ் உலகத்தின் நடுவில், மூடி திறந்து கிடக்கிற மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மாதிரி, அத்தனை அறைகளும் தெரியக் கிடங்கு கிடந்தது. அவ்வளவு முழுசாக எதையும் மேலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

மூக்கை அதன்மேல் இறக்கினார். விமானத்தை நேராகப் புரட்டினார். குண்டை விட்டார். தரை வாயைத் திறந்துகொண்டு வரும்போது பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி வேப்பமர உயரத்துக்கு வந்து பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார். ஏவுகணை மலையில் மோதியது. பின்னால் திரை வெளுத்து, சிவந்து, கறுத்தது. கிடங்கு இருந்த இடத்தில் புகைதான் நின்றது. பள்ளத்தாக்கின் வாயில் வெளியே பார்த்து நின்ற துப்பாக்கிகள் இவர் பக்கம் திரும்புவதற்குள் ஆற்றுக்கு வந்துவிட்டார்.

ஹரிஷ் அலறிய அலறலில் கீழ் மாடிக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "கத்தாத மாப்ள, இன்னும் இறக்கல" என்று பல்லைக் கடித்தபடி சொன்ன பேயாண்டி, சக்கரத்தை விரித்து, விமானத்தை ஓடுபாதையில் பூவாக இறக்கி நிறுத்தினார். அவர் எழுந்திருக்க அவசியமே ஏற்படவில்லை, சிம்மக்கல்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய்விட்டார்கள். படி இறங்கும்போது சுவர் எங்கே இருந்ததென்று அவர் கவனிக்கவே இல்லை.

கீழே டீக்கடையில் பசுமலை அணியின் தலைவன் தானே வந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "எப்படிண்ணே பண்ணீங்க? எங்களுக்கும் ஒருவாட்டி காமிங்க" என்றான். இரண்டு அணிக்காரர்களும் நெருங்கி நின்றார்கள். பஸ்ஸுக்காக நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்னக்கொடி அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

பேயாண்டி இடது கையை நெஞ்சுக்கு நேரே மடக்கி நிறுத்தினார், அது மலை. வலது உள்ளங்கையை விறைப்பாக நீட்டி, இடுப்பளவில் மலையை நோக்கிக் கொண்டுவந்தார். பிறகு சரேலென்று உயர்த்தினார். தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, கை எட்டிய மட்டும் போனது. அதுவும் போதாமல் குதிகாலை எம்பி, நுனிக்காலில் நின்று, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.