பூட்டிய கோழிக்கூடும் காசிம் நானாவும்

செய்தி வந்தபோது நான் முற்றத்தில் நின்று கோழிகளுக்குக் குறுணல் எறிந்துகொண்டிருந்தேன். கிண்ணியாவிலிருந்து காசிம் நானாவின் மகள் சம்சத் கோல் எடுத்திருந்தாள். "மாமி, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபஹுத் தொழுகைக்கு ஒழு எடுக்கப் போனவங்க, கிணத்தடியில அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பின்னால் ஓர் ஆண்குரல் சொன்னது. சுளகைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன்.

நானும் என் கணவரும் பாலத்தால் போனோம். இப்போது அந்தத் தண்ணீரைத் தாண்டுவது கண்ணை மூடித் திறக்கிற நேரம். சண்டைக் காலத்தில் பாலம் கிடையாது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்துபோகும் பாதை மட்டும்தான். அது நின்றுபோனதால் காசிம் நானா ஐந்து மாதம் வீட்டுக்குப் போக ஏலாமல் எங்கள் பக்கத்தில் கிடந்தார். அவரோடு வேலை செய்த நீங்கள் இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றியும், தலைமயிர் கனத்தில் கோடு இழுக்கிற அந்தக் கையைப் பற்றியும் எழுதுவீர்கள். எழுதுங்கள், எல்லாம் உண்மை. நான் எழுதப்போவது முட்டையைப் பற்றி.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் பழைய நில அளவைக் கந்தோரில் அவர் படவரைஞர், நான் தட்டெழுத்தாளர். கந்தோருக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குவாட்டர்ஸ். ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில், அண்ணன் முறைக்கு நான் நானா என்று கூப்பிட்ட அவர் தனியே. வெள்ளிக்கிழமை பின்னேரம் பாதையேறி வீட்டுக்குப் போவார், திங்கட்கிழமை காலையில் மனைவி ரஹ்மத்தும்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுடன் வருவார். வளவும் கிணறும் பொது. வளவு மூலையில் என் ஐந்து ஊர்க்கோழிகளின் கூடு. என் வாய் பெரியது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நானா அந்த வாயைக் கண்டு ஒருநாளும் முகம் சுழித்ததில்லை.

அந்த வருடம் அவருக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம். கண்டிக்குப் போய் ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்தார். "ஈரல்ல கொழுப்புப் படிஞ்சிரிக்காம் தங்கச்சி. பயப்பிட ஒண்டுமில்லையாம். அடுத்த மாசம் வரட்டாம், சாப்பாடு தண்ணி எல்லாம் அப்ப விளக்கமாச் சொல்லுவாங்களாம்" என்றார். அடுத்த மாதம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. கண்டி றோட்டு பூட்டு. பாதை பூட்டு. கடலுக்குப் போக ஏலாது. பின்னேரத்தில் ஊரடங்கு, பகலில் சந்திக்குச் சந்தி இராணுவச் சென்றி. நானாவிடம் மிஞ்சியது பொலித்தீன் பையில் சுற்றிய அந்த ஸ்கான் துண்டு மட்டும். அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் காணியை அவர் வரைந்து கொடுப்பவர், தன் வயிற்றின் படம் அவருக்கு விளங்கவில்லை.

அவருக்குச் சமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மீன் என்ற பேச்சே இல்லை. இறக்கக்கண்டியிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரர் வந்து எத்தனையோ நாள். இறைச்சிக்கடையும் பூட்டு. முதல் நாள் நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்குச் சரிவருமோ என்று. நானா சிரித்தார். "உங்கட கூட்டில அஞ்சு கோழி இரிக்கில்லியா? முட்டைக்கு அறுப்புமில்ல, ஹலாலோ எண்ட சந்தேகமுமில்ல. தினம் ஒண்டு அவிச்சுத் தாங்க, போதும்" என்றார். பத்து நாள்தான் கொடுத்தேன். பதினோராம் நாள் ஈரல் விஷயம் என் மூளையில் ஏறியது.

என் கணவருக்குக் கலியாணம் முடித்த வருடம் செங்கமாரி, அதுதான் மஞ்சட்காமாலை, வந்தது. நான்தான் பத்தியம் காத்து எழுப்பினேன். கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தேன். எண்ணெய் தொடவிடவில்லை, முட்டை, மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கிட்ட வரவிடவில்லை. கரும்புச் சாறு, குளுக்கோஸ், சீனி போட்ட இளநீர் என்று ஓயாமல் பருக்கினேன். ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து ஈரல் என்று யார் வாய் திறந்தாலும் வைத்தியர் நான்தான். செங்கமாரியும் ஈரல், நானாவுக்கு வந்ததும் ஈரல். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? முட்டை மஞ்சட்கருவைப் பார்த்தாலே கொழுப்புக் கட்டி மாதிரித் தெரிந்தது. அன்றோடு முட்டையை நிற்பாட்டினேன். பாணும் பருப்பும் கஞ்சியும் கொடுத்து, நாளைக்கு நாலு தரம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். குளுக்கோஸ் கடையில் முடிந்ததும் சீனியைக் கரைத்தேன்.

"தங்கச்சி, இது குடிச்சா இன்னும் தாகமா இரிக்கி" என்பார். "வருத்தம் இறங்குது நானா, வாய் பேசாமல் குடியுங்கோ" என்பேன். குடிப்பார். சொல்லைத் தட்டத் தெரியாத மனிதர்.

ஒருநாள் முருங்கையடியில் முட்டைக்கோது கிடந்ததைக் கண்டேன். நானா கூட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கேத்திலில் தேத்தண்ணிக்குக் கொதித்த தண்ணீரிலேயே போட்டு அவித்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன நானா, சின்னப்பிள்ளையோ நீங்கள்? நாளைக்கு ஏதும் நடந்தால் உங்கட மனிசிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? என்ர தலையிலயோ அந்தப் பழி?" என்று முற்றம் அதிரக் கத்தினேன். அன்று பின்னேரமே கோழிக்கூட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். திறப்பைத் தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டேன்.

நானா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "கடலைப் பூட்டிட்டாங்க, றோட்டைப் பூட்டிட்டாங்க, பாதையையும் பூட்டிட்டாங்க. நீங்க கோழிக்கூட்டையும் பூட்டிட்டீங்களே தங்கச்சி" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மூன்று மாதம். ஆளின் முகம் வாடியது, வயிறு பெருத்தது. முன்பெல்லாம் காலையில் கடற்கரையால் நடப்பவர், இப்போது கதிரையை விட்டு எழும்புவதே பாடு. வெளியே போனால் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரணம் சொல்லி, திரும்பி வரும்போதும் அதே கதை. இதற்குப் பயந்து வளவுக்குள்ளேயே இருந்துவிட்டார். கிண்ணியா எங்கள் ஜன்னலுக்குத் தெரியாது, ஆனாலும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் கதிரையைப் போடுவார். நான் இன்னும் இரண்டு கரண்டி சீனி கூட்டினேன்.

பிறகு ஒரு காலை கந்தோரில் படத்தின்மேல் தலையை வைத்துச் சாய்ந்துவிட்டார். பென்சில் கையில் இருந்தபடியே இருந்தது. ஓட்டோ பிடித்து, நாலு சென்றி தாண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர், கண்ணில் நித்திரையே இல்லை. ஸ்கான் துண்டைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு என் பத்தியத்தை வரிசையாகச் சொன்னேன், பெருமையோடு. டாக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"இது செங்கமாரி இல்ல அம்மா. இவருக்குச் சீனித் தண்ணிதான் நஞ்சு. சீனியும் வெள்ளைப் பாணும் ஓட்டமில்லாத இருப்பும்தான் ஈரலில போய்க் கொழுப்பாப் படியுது. முட்டையை ஏன் நிப்பாட்டினீங்கள்? பொரிக்காமல் அவிச்சு நாளைக்கு ஒண்டு இவர் தாராளமாச் சாப்பிடலாம். வேற மச்சமும் கிடைக்காத நேரத்தில அதையும் பறிச்சால் இவர் எதைச் சாப்பிடுறது? முட்டை சாப்பிட வேண்டாமெண்டு ஆர் சொன்னது?"

நான் தாலிக்கொடியில் தொங்கிய திறப்பைச் சேலைக்குள் தள்ளினேன். கட்டிலில் படுத்திருந்த நானா மெல்லக் கையை உயர்த்தினார். "நான்தான் டொக்டர். நானாத்தான் பயந்து நிப்பாட்டின. இந்தத் தங்கச்சி சாப்பிடச் சொல்லித்தான் சொன்னா" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். டாக்டர் அவரைப் பிடித்து நல்லாகப் பேசினார். பேச்சு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றினேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை வளவில் மூன்று கல் வைத்து அவித்தேன். அடுத்த வெள்ளி மழை. குசினிக்குள்ளேயே சட்டியை ஏற்றினேன். என் கணவர் சாமிப்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

டாக்டர் நடக்கவும் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது? நானா கிணற்றைச் சுற்றி நடந்தார். தன் வீட்டுக்குப் போகிற றோட்டின் தூரம் அவருக்கு அங்குலக் கணக்கில் தெரியும். கிணற்றைச் சுற்றி இத்தனை சுற்று என்றால் றோட்டில் இவ்வளவு தூரம் என்று மனதில் போட்டுக்கொண்டே நடப்பார். "இண்டைக்குச் சீனக்குடா மட்டும் போயிட்டேன் தங்கச்சி" என்பார். ஒருநாள் திடீரென்று கிணற்றடியில் நின்றுவிட்டார். என்ன நானா, ஏலாதோ என்று கேட்டேன். "பாதையடிக்கு வந்துட்டேன். இனி எப்படிப் போற?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். திரும்பி வந்து பார்க்கும்போது மற்றப் பக்கமாக, வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தார். அப்படி இரண்டு மாதம். பாதை ஓடத் தொடங்கிய அன்று வயிறு வற்றி, கால் உறுதியாகி, கையில் என் முட்டை நாலோடு போனார்.

அதற்குப் பிறகு நல்லபடி வாழ்ந்தார், பேரப்பிள்ளைகளையும் கண்டார். அந்த மூன்று மாதத்தைப் பற்றி நானும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாய் எடுத்தேன். உடனே "கோழியெல்லாம் சுகமா?" என்று கேட்டுவிடுவார்.

மரண வீட்டில் ரஹ்மத்தும்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னார். "இந்தத் தங்கச்சிதான் அது. அடைபட்டுக் கிடந்த அஞ்சு மாசமும் ஒருநாள் தவறாம முட்டை அவிச்சுக் குடுத்தவ. அவ இல்லாட்டி என்ட மையத்துத்தான் உங்களுக்கு வந்திரிக்கும் எண்டு அவங்க எப்பவும் சொல்லுவாங்க." பெண்கள் என்னைப் பார்த்து துஆச் செய்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னுடைய அந்தப் பெரிய வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே இதை எழுதுகிறேன். ரஹ்மத்தும்மா, சம்சத், அவரைத் தெரிந்த எல்லோரும் வாசியுங்கள். ஐந்து மாதத்தில் கடைசி இரண்டு மாதம் முட்டை அவித்துக் கொடுத்தவள் நான். அதற்கு முன் மூன்று மாதம் அதைப் பறித்து, கூட்டைப் பூட்டி, சீனித் தண்ணீர் பருக்கி, அவரை ஆசுபத்திரிக் கட்டிலில் கிடத்தியவளும் நான்தான். அவர் உங்களிடம் சொன்ன ஒரே பொய் என்னைப் பற்றியது.

அவருடைய பொருளென்று என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பூட்டு இருக்கிறது, அலுமாரியில், திறப்போடு. அதற்குப் பிறகு நான் கோழிக்கூட்டைப் பூட்டியதே இல்லை. மரநாய் வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று என் கணவர் என்னைப் பேசுகிறார். பேசட்டும்.