கொமாத்ரேயிடம் வாங்கிய கையெழுத்து

அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் மேல்தளம் ஒன்று காலியாக இருப்பதாக ரொட்டிக் கடையில் சொன்னார்கள். பட்டச் சான்றிதழ், சம்பளக் கடிதம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. யாருக்குக் காட்டவும் எனக்குச் சலித்ததில்லை. வீட்டுக்காரி ஒடீலியா அரூடா உறையைப் பிரிக்கவே இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இப்ப எங்க குடியிருக்க?"

சொன்னேன்.

"சரி, வண்டிய எடுக்கறேன். அந்த வீட்டக் காட்டு."

வந்தவர் நேராக அடுப்பைப் பார்த்தார். பிறகு குளியலறையில் குனிந்து தண்ணீர் வடியும் துளையைப் பார்த்தார்.

"அடுப்பு சுத்தம். இங்க அடைச்சிருக்கற முடி யாரோடது?"

"கூட இருக்கறவனோடது."

"அவனும் உன்கூட வரானா?"

"இல்லைங்க."

"அப்ப வா."

அந்த மேல்தளத்தில் ஏழு வருடம் இருந்தேன். ஒடீலியா எப்படி இரண்டாவதாக ஒரு வீட்டுக்கும் சொந்தக்காரி ஆனார் என்பதை அவர் சொல்லியும், அவர் கணவர் செஃபெரீனோ திருத்தியும், நடுத்தளத்து நத்தாலியா இரண்டு பேரையும் மறுத்தும் கேட்டது இது.

ஒடீலியா பத்தொன்பது வயதில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர். திரைச்சீலை தைக்கும் ஆலையில் இருபத்து மூன்று வருடம் வேலை. அந்தச் சம்பளத்திலும் தச்சரான செஃபெரீனோவின் சம்பளத்திலும் வாங்கியது அந்த மூன்று தள மரவீடு. கீழே தாங்கள், மேலே இரண்டு குடித்தனம். வாடகை வீட்டை நடத்த யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டார். முதலில் வைத்த குடித்தனக்காரன் வீடு பார்க்க வந்தபோது நல்ல கோட்டு போட்டிருந்தான். போகும்போது குளியல் தொட்டிக்குள் மோட்டார் சைக்கிள் இன்ஜினை விட்டுப் போனான். அன்றிலிருந்து ஒடீலியா ஆளின் சட்டையைப் பார்ப்பதில்லை, அவன் இப்போது இருக்கிற வீட்டைத்தான் பார்ப்பார். சரியான ஆள் கிடைக்கவில்லையென்றால் தளத்தை இரண்டு மாதம் பூட்டிப் போடவும் தயங்கமாட்டார். மூன்று தளத்துக்கும் ஒரே வெள்ளைச் சாயம். அதன் எண்ணை நிலவறைச் சுவரில் எழுதிவைத்திருந்தார். ஒருவர் காலி செய்தால் கறை பட்ட இடத்தை மட்டும் தொட்டுப் பூசினால் போதும், முழுச் சுவரையும் அடிக்க வேண்டாம்.

இவ்வளவு கெட்டிக்காரி ஒரே ஒரு தளத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தார். நடுத்தளத்தில் இருந்த நத்தாலியா பவாவ் அவருடைய கொமாத்ரே. நத்தாலியாவின் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவர் ஒடீலியா. தீவுக்காரர்களிடையே அது உடன்பிறப்பைவிட ஒரு படி மேல். கணவர் இறந்ததும் நத்தாலியா நடுத்தளத்துக்கு வந்து பதினான்கு வருடம். வாடகை, அவர் குடிவந்த அன்று பேசியதுதான், ஊர் வாடகையில் பாதிகூட இல்லை. ஒப்பந்தக் காகிதமும் கிடையாது. கொமாத்ரேயிடம் கையெழுத்துக் கேட்பது, உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது.

நான் மேல்தளத்தில் இருந்த காலத்தில்தான் பக்கத்து வீட்டுக் கிழவர் லாரிவியேர் இறந்துபோனார். ஃப்ளோரிடாவில் இருந்த அவர் மகன் ஒடீலியாவுக்குப் போன் செய்தான். "அப்பா உங்களப் பத்தி நல்லா சொல்வாரு. ஏப்ரல் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். அதுக்கப்புறம் தெரு முழுக்க வாங்கிட்டு வர்ற கம்பெனிக்குத்தான் போகும்."

ஒடீலியாவுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். அதன் கூரையை மாற்றியதே செஃபெரீனோதான். ஆலையும் மூடிவிட்டது, செஃபெரீனோவின் முதுகும் ஓய்ந்துவிட்டது. அந்த வீடு கிடைத்தால் முதுமைக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால் இப்படி இன்னொன்று இந்த ஜென்மத்தில் இல்லை. கடன் கொடுக்க வங்கி இரண்டு கேட்டது. ஈடாக வைக்கும் இந்த வீட்டை மதிப்பிட அவர்கள் ஆள் வர வேண்டும். வாடகைக்கு விட்ட ஒவ்வொரு தளத்துக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும்.

தீவுக்காரர் வீடுகளில் மேலே உள்ள சமையலறை பளபளவென்று சும்மா இருக்கும், உண்மையான சமையல் நிலவறையில்தான். சனிக்கிழமைதோறும் இரண்டு பெண்களும் அங்கே இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். அந்தச் சனிக்கிழமை ஒடீலியா கையை மாவிலிருந்து எடுக்காமலே பேச்சை எடுத்தார்.

"கொமாத்ரே, பேங்குல ஒரு காயிதம் கேக்கறான்."

"குடுக்க வேண்டியதுதான."

"உன் கையெழுத்துப் போட்ட காயிதம்."

நத்தாலியா பிசைவதை நிறுத்தினார். "என் புள்ளைய ஞானஸ்நானத் தொட்டிக்கிட்ட தூக்கி நின்னியே, அப்ப உன்கிட்ட காயிதம் கேட்டனா?"

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." கையைத் துடைத்துக்கொண்டு பின் படியில் ஏறிப் போய்விட்டார். பாதி பிசைந்த மாவைத் தொடர்ந்து பிசைந்தது செஃபெரீனோ. "ரொட்டி கல்லு மாதிரி வரும், சொல்லிட்டேன்," என்றார். அப்படித்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை வங்கியின் மதிப்பீட்டாளர் வந்தார், கையில் டார்ச்சோடு ஓர் இளம்பெண். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டையும் பார்த்து நன்றாக எழுதிக்கொண்டார். நடுத்தளச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றவர் ஒரு காலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"மேடம், இங்க மிதிச்சா அமுங்குதே?"

தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்தார்கள். ஒரு வாளி, பாதி நிரம்பி. அதைச் சுற்றிப் பழைய துணிகள். பலகை கறுத்துப்போய் இருந்தது. டார்ச்சின் முனையால் குத்தியபோது கேக்கில் போவது போல உள்ளே போனது.

"இத சரி பண்ணாம என்னால கையெழுத்துப் போட முடியாது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, திரும்ப வரேன்."

அவர் போனதும் ஒடீலியா நாற்காலியை இழுத்துப்போட்டு நத்தாலியாவுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் வீட்டில் எந்தப் படி முனகும், எந்த ஜன்னல் எந்தக் காற்றில் அடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், தலைக்கு மேலேயே மரம் அழுகிக்கொண்டிருந்தது தெரியாமல் இருந்திருக்கிறார்.

"எத்தன நாளா ஒழுகுது?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, கொமாத்ரே? அந்த மனுஷன் கீழ சும்மாதான உக்காந்திருக்காரு?"

"எப்படிச் சொல்ல?" நத்தாலியாவின் குரல் கிளம்பியது. "என்கிட்ட வாங்கறது இத்துனூண்டு. எந்த மூஞ்சிய வச்சிகிட்டு குழாய் ஒழுகுது, ஜன்னல் இறங்கலன்னு வந்து நிக்கறது? மேல இருக்கற தம்பி நிறையக் குடுக்கறான், பல்பு போனாக்கூட கீழ வந்து கதவத் தட்டறான். நான் வாளி வச்சி ஊத்தறேன்."

ஒடீலியா பதினான்கு வருடமாக இவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார். வாடகையைக் குறைத்து இவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. கேட்க முடியாத குடித்தனம் இருக்கிற வீட்டில் எந்த ஓட்டையும் சொந்தக்காரர் காதுக்கு வராது. நன்றாகக் கொடுத்துவிட்டு நன்றாகக் கேட்கிறவர்தான் வீட்டைக் காப்பாற்றுகிறவர்.

"இன்னும் என்னென்ன இருக்கு? எல்லாத்தயும் சொல்லு."

"சொல்லவா?"

"சொல்லு."

"நீ சாவியப் போட்டுத் தெறந்துகிட்டு உள்ள வர. தட்டறதே இல்ல. போன வருஷம் நான் குளிச்சிட்டு நிக்கறேன், குளிருக்கு வச்ச ரேடியேட்டர் சூடா இருக்கான்னு பாக்க வந்த."

"உன்ன நான் பாக்காததா?"

"அதுக்காக ரேடியேட்டர் பாக்க வரும்போதும் பாக்கணுமா?"

வாசலில் நின்ற செஃபெரீனோ சிரிப்பை அடக்க இருமினார். "நீ போய் சுத்திய எடுத்துட்டு வா," என்று ஒடீலியா அவரை விரட்டினார்.

வங்கி கொடுத்த ஒப்பந்தத் தாளை அன்று மாலை நத்தாலியாவின் மேசையிலேயே விரித்தார்கள். ஒடீலியா பேனாவை அவரிடமே கொடுத்தார். "முதல்ல நீ கேக்க வேண்டியத எழுது. என்னோடத அப்புறம் எழுதிக்கலாம்." நத்தாலியா எழுதினார்: ஒழுகினால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஜன்னல்கள் மாற்ற வேண்டும். கதவைத் தட்டாமல் வரக் கூடாது. வாடகைக் கட்டத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு போட?"

"குழாய் ஒழுகுனா கூச்சமில்லாம வந்து சத்தம் போடற அளவுக்குப் போடு."

நத்தாலியா ஊர் வாடகைக்குக் கொஞ்சம் கீழே ஒரு தொகையை எழுதிக் கையெழுத்திட்டார். முந்தைய வாடகையைப் போல அது இரு மடங்கு. மகள் செவிலியாகிச் சம்பாதிக்க ஆரம்பித்து ஐந்து வருடமாகியிருந்தது; கொடுக்கும் சக்தி இருந்தும் இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

செஃபெரீனோ தன் முதுகைத் திட்டிக்கொண்டே, உதவிக்கு ஒரு கூலித் தச்சரோடு, தரையைப் பெயர்த்து இரண்டு உத்தரக் கட்டைகளை மாற்றினார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை நத்தாலியா நிலவறையில் சமைத்தார், உப்பு போதவில்லை என்று இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டார்கள். மதிப்பீட்டாளர் திரும்ப வந்து அதே இடத்தில் இரண்டு முறை குதித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி லாரிவியேரின் வீடு ஒடீலியாவின் பெயருக்கு மாறியது. சாவி கிடைத்த மறுநாள் அவர் செய்த முதல் காரியம், அங்கே இருந்த மூன்று குடித்தனங்களின் கதவையும் தட்டி, "என்னென்ன ஒழுகுது, சொல்லுங்க," என்று கேட்டது.

ஒடீலியாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. இரண்டு வீடுகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். இரண்டாவது வீட்டின் கடனில் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. நத்தாலியா நடுத்தளத்திலேயே இருக்கிறார், ஒப்பந்தத்தை ஒவ்வொரு மே மாதமும் புதுப்பிக்கிறார்.