சிவப்புக் கித்தார்

சர்ச் கமிட்டித் தலைவரே, நீங்கள் ஒரு நல்ல மனிதரை அவமானப்படுத்தினீர்கள். அதற்கு என் கித்தாரையே இரவல் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு சர்ச்சின் பாட்டுக்குழுவுக்கு வாசித்தவர் ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். கப்பல்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன பழைய எலக்ட்ரிக் கித்தார் அவரிடம் இருந்தது. சிவப்பு மங்கி, கை படும் இடத்தில் மரம் தெரியும். என் ஆம்ப்ளிஃபயரில் அது ஒலித்த அன்றே அதன்மேல் பைத்தியமானேன்.

பலிபீடத்தின் முன் எலக்ட்ரிக் கித்தார் ஆகாது என்று அவரை நிறுத்தினீர்கள். வெறுத்துப்போய் விற்றார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நான் அதை வாங்கி, ரிக்‌ஷாவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதன்பின் அவர் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து கைக்குட்டையால் கம்பிகளைத் துடைப்பார். "உப்புக் காத்தாக்கும் தம்பி, துரு கேறும்" என்பார், மலையாளம் கலந்த தமிழில். வாசிக்க மாட்டார்.

"ஒரு தடவை வாசிங்க சேட்டா" என்றேன்.

"நிறுத்தச் சொன்னவங்களே வந்து கூப்பிடட்டே. அப்போ நோக்காம்."

மூன்றாம் வருடத் திருநாளுக்கு நீங்களே வந்து கித்தாரைக் கேட்டீர்கள். யார் வாசிப்பது என்று கேட்காமலே கொடுத்தேன். அவர் வீட்டுக்கு ஓடி, "சேட்டா, கூப்பிட்டாச்சு!" என்றேன். திருநாளன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சர்ச்சுக்கு வந்தார். பலிபீடத்தின் முன் உங்கள் மருமகன் அந்தக் கித்தாரை வாசித்துக்கொண்டிருந்தான்.

முடியும்வரை நின்றார். கம்பிகளைத் துடைத்தார். போனார். என் வீட்டுக்கு அதன்பின் வரவேயில்லை.

அவருக்கு ஆகாதது உங்கள் மருமகனுக்கு எப்படி ஆனது? அதே பலிபீடத்தின் முன் நின்று, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். மைக் செட்டை நான் வாடகையில்லாமல் கொண்டுவருகிறேன்.