ஆருக்குச் சொன்னீங்க?

மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் சமூகவியல் விரிவுரையாளர், ஒரு செய்தி ஓர் ஊருக்குள் எப்படி நடக்கிறது, யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்று ஆராயப் புறப்பட்டிருந்தார். அதற்கு ஓர் ஊர் வேண்டும், அந்த ஊர்க்காரன் ஒருவன் உதவியாளனாகவும் வேண்டும். என் அறைத் தோழன் தன் தேயிலைத் தோட்டத்தைச் சொன்னான். நான் எழுந்து நின்றே என் ஊரைச் சொன்னேன்:

"சேர், கல்முனையில ஒருத்தன் தும்மினா பாண்டிருப்பில இன்னொருத்தன் மூக்கத் துடைப்பான்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; மாணவர்களை 'நீர்' என்றுதான் அழைப்பார். "அப்ப நீரும் செய்யும், அவரும் செய்யட்டும். விடுமுறைக்குள்ள ஒரு சின்னப் பரீட்சை. ஆரின்ர வரைபடம் நல்லா வருதோ, அவரின்ர ஊரைத்தான் எடுப்பன்" என்றார்.

விதிகள் எளியவை. உண்மையான, யாருக்கும் தீங்கில்லாத ஒரு செய்தியை ஒரே ஒருவரிடம் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து முப்பது வீடுகளில் 'இதை உங்களுக்கு யார் சொன்னது?' என்று கேட்க வேண்டும். கிடைத்த பதில்களை அம்புக்குறிகளாக வரைய வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை அவர் மட்டக்களப்புப் பக்கம் வருவார், அப்படியே வந்து பார்ப்பார்.

செய்தி தேட நான் அலையவில்லை. எங்கள் வாசிகசாலை ரேடியோவுக்கு லவுட்ஸ்பீக்கர் பூட்டப்போகிறார்கள். காரியதரிசியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அதைச் சந்தித் தையல்காரரிடம் மட்டும் சொன்னேன். சொல்லும்போது மெஷினின் மிதிபலகை நின்றது. அதுவே எனக்குப் போதுமான அத்தாட்சியாக இருந்தது.

மூன்றாம் நாள் புதுக் கொப்பியும் காதில் பென்சிலுமாக இறங்கினேன். முதல் ஆள், ஊரே அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று கூப்பிடும் மீன் வியாபாரி.

"லவுட்ஸ்பீக்கர் விசயம் தெரியுமா காக்கா?"

"ஓம், தெரியும்."

"ஆரு சொன்ன?"

அவர் பாரைமீனைக் கீழே வைத்தார். "ஏன் மனே? என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல, சும்மா எழுதத்தான்."

"எழுதவா? சொன்னவன நான் காட்டிக் குடுக்கிறதா? கோள் சொல்றது பாவமடா. படிச்ச புள்ள நீ, ஓதலயா?"

அடுத்த ஆள், "ஊரெல்லாம் கதைக்குது" என்றார். அதற்கடுத்தவர், "அல்லாஹ் அறிவான்" என்றார். தேத்தண்ணிக் கடையில் ஐந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஐந்து பேரும் தாங்கள் கேள்விப்படவே இல்லை என்றார்கள். ஆறாவது ஆள் உள்ளேயிருந்து, "அந்த லவுட்ஸ்பீக்கரத்தானே கேக்கிறான்?" என்று கத்தினான்.

பகல் சாப்பாட்டுக்கு முந்தியே ஊரில் வேறொரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது: லவுட்ஸ்பீக்கர் கதை பொய்யாம், பரப்பினது யாரென்று கொப்பி எழுதித் தேடுகிறார்களாம். தையல்காரர் கழுத்தில் நாடா தொங்க எங்கள் வாசல் கடப்பில் வந்து நின்றார்.

"டேய்! நீதானே எனக்குச் சொன்ன! இப்ப நீயே கொப்பியும் தூக்கித் திரியிறியா? என்ட பேர எழுதின நீயா?"

"இல்ல மாமா, உங்கட பேரு எழுதல்ல."

"அப்ப ஆர்ர பேர எழுதின?"

கொப்பியை விரித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் 'அல்லாஹ் அறிவான்' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்து மனுசன் சிரித்துவிட்டார், அதனால் தப்பினேன்.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. என்னிடம் ஓர் அம்புக்குறிகூட இல்லை. தேயிலைத் தோட்டத்துக்காரன் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டுவருவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. பன்பாய் பின்னிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் புலம்பினேன். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் இருத்தப்பட்டவள். என் பாடப் புத்தகங்களை என்னைவிட முந்தி வாசிக்கிறவளும் அவள்தான்.

"காக்கா, நீ கேக்கிறது பொலிசுக்காரன் கேக்கிற கேள்வி" என்றாள், கையை நிறுத்தாமலே. "ஆரு சொன்ன எண்டு கேட்டா ஆரு வாய் திறப்பாங்க? மத்தவங்கள மாட்டி விடணுமே. நீங்க ஆருக்குச் சொன்னீங்க எண்டு கேளு. அது அவங்கட கெட்டித்தனம். கேக்காததையும் சேத்துச் சொல்லுவாங்க."

ஓடினேன். மீன் வியாபாரியிடமே ஓடினேன்.

"காக்கா, நீங்க இத ஆருக்குச் சொன்னீங்க?"

"நானா? ஏழு பேருக்குச் சொன்னன்! இந்தச் சந்தையில என்னக் கேக்காம ஒரு கதை நகருமா? எழுது மனே, எழுது!"

கொப்பி நிறையத் தொடங்கியது. ஆனால் ஆண்களிடம் கேட்கக் கேட்க எல்லா அம்பும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் போய் மறைந்தது. அந்த வீடுகளுக்குள் நான் போய்ப் பெண்களிடம் கொப்பியை நீட்ட ஏலாது. தங்கச்சி போனாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குத்தான் வீடும் வளவும். அதனால் அக்கா, தங்கச்சி, சாச்சி எல்லாரும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். நடுவில் கிடுகு வேலி, வேலிக்கு ஓர் ஆள் நுழையும் பொட்டு. தெருவில் கால் வைக்காமலே அவள் இரண்டு நாளில் இருபது குசினி ஏறி இறங்கினாள்.

இரண்டு பேரும் பதில்களை ஒட்டிப் பார்த்தோம். தையல்காரர் பத்து மணித் தேத்தண்ணிக்கு வீட்டுக்குப் போன இடத்தில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் சொல்ல ஆள் மிச்சம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாங்கள் வீட்டுக்கு வர, விரிவுரையாளர் பஸ்ஸால் இறங்கினார். வாப்பா வரவேற்று முன்மண்டபத்தில் இருத்தினார். உம்மா வட்டிலப்பம் அனுப்பினா. அவர் ஒரு கரண்டி வாயில் வைத்து, மற்றக் கையால் வரைபடத்தை விரித்தார்.

"தேத்தண்ணிக் கடை எங்க ஐசே? தொடக்கத்தில இருக்க வேணுமே?"

"அங்க கடைசியாத்தான் சேர் செய்தி வந்த. பின்னேரம், வீட்டில கேட்டுட்டு வந்துதான் கதைச்சிருக்காங்க."

கரண்டி கீழே போனது. கேள்வித் தாளைப் பார்த்தார். "நான் தந்த கேள்வி இது இல்லையே. ஆர் மாத்தினது?"

விதியை மீறியதற்காகத் தள்ளிவிடப் போகிறாரா? அல்லது நல்லது என்று சொல்லப் போகிறாரா? நல்லது என்றால் 'நான்தான்' என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. உள்வாசல் மறைப்புச் சீலைக்குப் பின்னால் தங்கச்சியின் காப்புச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, சேர். பாதி வீட்டுக்கு மேல அவதான் கேட்டவ."

அவர் கதிரையைத் திருப்பிச் சீலையைப் பார்த்து உட்கார்ந்தார். "பிள்ளை, ஒரு கேள்வி. ரெண்டு பேர் நான்தான் முதல் சொன்னனான் எண்டு சண்டை பிடிச்சா, என்ன செய்தனீர்?"

வாப்பா தொண்டையைச் செருமினார். பிறகு சீலைக்குள்ளிருந்து தெளிவாக வந்தது:

"அந்த நேரம் அடுப்பில என்ன இருந்த எண்டு கேட்டன் சேர். சோறு வடிக்க முந்தியா, வடிச்ச பிறகா, மறுகா கறி இறக்கினாப் பிறகா எண்டு. அதில பொய் சொல்ல அவங்களுக்குத் தோணல்ல."

விரிவுரையாளர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சொந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதினார். எழுதி முடித்து, "தேயிலைத் தோட்டத்து வரைபடமும் பாத்திட்டுத்தான் வந்தனான். அதை அடுத்த வருஷம் பார்ப்பம்" என்றார். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். வாப்பா என் தோளில் கை வைத்து இருத்தினார்.

"ஆனா பெண்கள் பக்கம் இவ கேட்டாத்தான் சரி. உங்களுக்குச் சம்மதமோ?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா கொஞ்சம் யோசித்தார். "அவ எப்படியும் வேலிக்கு வேலி போறவதானே சேர். எழுதிக்கிட்டுப் போகட்டும்."

விரிவுரையாளர் பையிலிருந்து வெற்றுத் தாள் கட்டொன்றை எடுத்தார். "எத்தனை வீடு செய்யலாம்?"

"முப்பது" என்றேன் நான்.

"அறுவது" என்றது சீலை.

அவர் கட்டைத் தண்ணீர்க் குவளை வந்த தட்டில் வைத்தார். உம்மா தட்டை உள்ளே எடுத்துப் போனா.

"எனக்கு?" என்றேன்.

"உனக்குத்தான் கடைத்தெரு இருக்கே காக்கா" என்றாள் தங்கச்சி. தாள்களைத் தட்டி நேராக்கும் சத்தம் கேட்டது.