நம்பர் பார்த்து வாங்கிய ஜீப்

மூன்று மாதம் நூலகத்தில் உட்கார்ந்து மோட்டார் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, கடைசியில் நம்பர் பிளேட்டைப் பார்த்து ஜீப் வாங்கியவன் நான். மலாக்காவில் எல்லோரும் செய்வதுதான்: பிளேட்டில் 'எம்' என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தே வண்டிக்கு வயது சொல்லிவிடுவோம்.

ஐம்பத்துநாலுக்கு முந்திய மாடலைத் தொடக்கூடாது என்பது என் ஆராய்ச்சி முடிவு. தோட்டப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் விற்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. செம்மண் பாதை ஏறும் சொந்த வண்டியோடு திங்கட்கிழமை வந்தால்தான் வேலை என்று புத்தகக்கடை முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். சுதந்திரம் வரப்போகிறதென்று மூட்டை கட்டிய ஒரு தோட்டத் துரையிடம் ஐம்பத்துநாலாம் வருஷ நம்பரோடு ஜீப் கிடைத்தது. காஜா பேராங் தெருவில் எங்கள் எதிர்வீட்டு மெக்கானிக், "நம்பர நம்பாதீங்கண்ணே, உள்ள வண்டி செஞ்ச வருஷம் போட்ட தகடு இருக்கும், அதப் பாருங்க" என்றான். "நீ ஸ்பேனரப் பாரு, படிக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் முன்பலகையைத் தேய்த்தான். பச்சைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து தகடு எழுந்து வந்தது: நாற்பத்துநாலு.

"அலாமா! பட்டாளத்து வண்டிண்ணே. சண்ட முடிஞ்சி எங்கியோ கொட்டாயில கெடந்திருக்கு. பத்து வருஷம் கழிச்சி நம்பர் எடுத்திருக்கான். ஜப்பான்காரன் இங்க இருந்தப்பவே பொறந்துட்டாரு உங்காளு."

"துரைகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

முடியாது என்றேன். தெருவே பார்த்துச் சிரித்தது. இன்னும் பலமாக முடியாது என்றேன். உலகப் போரையே பார்த்த வண்டி, செங் ஊருக்கு அப்பால் இருக்கும் ஒரு மேட்டைப் பார்த்தா பயப்படும்? ஞாயிறு முழுக்க அதைக் கழுவினேன். கழுவக் கழுவ அது இன்னும் கிழமாகத் தெரிந்தது. கழுவுவதை நிறுத்தினேனே தவிர முடிவை மாற்றவில்லை.

திங்கட்கிழமை நல்ல மழை. பக்கத்தில் முதலாளி, பின்னால் புத்தகக் கட்டுகள். தோட்டத்து மேட்டில் ஒரு லாரி சேற்றில் புதைந்து நின்றது. என் கிழவர் முக்கினார், முனகினார், லாரியைச் சுற்றிக்கொண்டு ஏறியேவிட்டார். "நாளைலேருந்து வந்துருங்க" என்றார் முதலாளி, கதவில்லாத பக்கம் நனைந்த சட்டையைப் பிழிந்தபடி.

திரும்பும்போது மெக்கானிக்கின் பட்டறையை மூன்று தடவை ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றினேன். நான்காவது சுற்றில் அவனே வெளியே வந்தான்.

"நாப்பத்துநாலு நல்ல வருஷந்தாண்ணே" என்றான். "தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்க."