வட்டகொடையில் கற்ற இறந்தகாலம்

காலை ஐந்து ஐம்பது. ரயில் வட்டகொடையில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது, மேடையில் நனைந்தபடி படுத்திருந்த ஒரு நாய். எதிர் இருக்கையில் இருந்தவர் பொதியைப் பிரித்தார். பலாச்சுளை வாசம். பியதாசவின் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் இதே நிலையத்தில் நான் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். அரசாங்க ஊழியருக்கு வைத்த சிங்களப் பரீட்சையில் தேறாவிட்டால் வேலை நிலைக்காது. டிக்கோயா தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். மற்றதெல்லாம் ஒருவாறு படிந்தது, இறந்தகாலம்தான் வழுக்கியது. சாப்பிடுகிற 'கனவா', 'கேவா' ஆகும். குடிக்கிற 'பொனவா', 'பிவ்வா' ஆகும். போகிற 'யனவா' மட்டும் அடையாளமே தெரியாமல் 'கியா' ஆகிவிடும். தண்டவாளம் மாற்றிவிடும் பியதாச என் வயதுக்காரன்; சிங்களவன், எங்கள் தோட்டத்துத் தமிழும் பேசுவான். காலை ரயில் போனதும் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்பான்: "ஈயே மொகத களே?" நேற்று என்ன செய்தாய்?

சோறு தின்றேன், தேத்தண்ணி குடித்தேன், தூங்கினேன். அதற்கு மேல் எனக்கு நேற்று என்று ஒன்று இருக்கவில்லை. பனிமூட்டமும் ஒற்றை அறையும்தான்.

"என்னா மச்சான், தெனமும் இதே பாட்டுத்தானா? வேற ஒண்ணும் நடக்கலயா ஒனக்கு? வா, நடக்க வைக்கிறேன்."

ஒரு விடுமுறையில் பொல்பிட்டியவில் இருந்த தன் வீட்டுக்கு இழுத்துப்போனான். ஆற்றில் குளித்தோம். அவன் அம்மா பலாச்சுளையை வட்டில் நிறைய வைத்தார். தங்கைகள் என் சிங்களத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். புறப்படும்போது, படித்ததைக் காட்டும் ஆசையில், வாசலில் நின்று "மம கியா" என்றேன். நான் போனேன்.

"அனே புதே!" ஐயோ மகனே என்று அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லச் சொன்னார்: "கிஹில்லா என்னங் கியன்ன." எங்கள் லயத்திலும் 'போறேன்' என்று சொல்லி யாரும் படியிறங்க முடியாது. படித்ததைக் காட்டும் மும்முரத்தில் அது தோன்றவில்லை. சொன்ன பிறகுதான் கையை விட்டார்.

"பொழச்ச போ. இன்னொரு தரம் சொல்லியிருந்தா ராத்திரி இங்கனதான் படுத்திருப்ப," என்று வழியெல்லாம் சிரித்தான் பியதாச.

வாய்மொழிப் பரீட்சையில், ஏதாவது ஒரு நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது ஒரே நாள். அதைச் சொன்னேன். தண்ணீர் குடித்த இடம் வந்ததும் பரீட்சகர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

தேறினேன். உடனே மாற்றலும் வந்தது: வடக்கே, சிங்களம் பேச ஆளில்லாத ஒரு சின்ன நிலையத்துக்கு. பியதாசவைப் பிறகு பார்க்கவில்லை. பொல்பிட்டியவில் அந்த வீடு இருந்த சரிவில் இப்போது மின்நிலையத்தின் குழாய்கள் இறங்குகின்றன.